பல கல்லூரிகள் சேர்ந்து அலைக்கற்றையை அளக்கும்போது: எண்கள் ஒத்துப்போக என்ன செய்ய வேண்டும்

இரண்டு கல்லூரிகள் ஒரே ஊரில் ஒரே 12.5 கிலோஹெர்ட்ஸ் சேனலை ஒரு வாரம் அளக்கின்றன. ஒன்று 13.5 சதவீத நேரம் பயன்பாட்டில் இருக்கிறது என்கிறது, மற்றது 52 சதவீதம் என்கிறது. உண்மையில் அந்தச் சேனலில் யாருமே பேசவில்லை. இரண்டு குழுவிலும் கருவி பழுதில்லை, நிரலிலும் பிழை இல்லை. எப்படி என்பதைக் கீழே கணக்குப் போட்டே காட்டலாம். சேர்ந்து அளக்கும் வேலையில் உழைப்பு முழுவதும் எங்கே போக வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. ரிசீவரை நிறுத்தி அளவு எடுப்பது ஒரு மாணவருக்கு இரண்டு வார வேலைதான். அ கல்லூரியின் மைனஸ் 115 டிபிஎம்மும் (டிபிஎம்: ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்டு டெசிபலில் சொல்லும் சிக்னல் திறன்) ஆ கல்லூரியின் மைனஸ் 115 டிபிஎம்மும் ஒரே பொருளைத் தருமாறு செய்வதுதான் மாதக்கணக்கில் ஆகும்.

முதலில் கேள்வி

"எந்தப் பட்டை எவ்வளவு காலியாக இருக்கிறது?" என்று தொடங்கினால் திட்டம் பாதியில் சிக்கும். அதற்கு விடை கிடையாது. கேள்வி இப்படி இருக்க வேண்டும்: "450 மெகாஹெர்ட்ஸ் அருகில் உள்ள இந்த 10 மெகாஹெர்ட்ஸில், மொட்டைமாடி உயரத்தில், ஒவ்வொரு 12.5 கிலோஹெர்ட்ஸ் சேனலிலும், மீட்டருக்கு இத்தனை டிபி மைக்ரோவோல்ட்டுக்கு மேல் புலவலிமை (அந்த இடத்தில் அலையின் மின்புல வலிமை) ஒரு மணி நேரத்தில் எத்தனை நிமிடம் இருக்கிறது?" பட்டை, உயரம், சேனல் அகலம், வரம்பு, கால அலகு ஆகிய ஐந்தும் எழுத்தில் வந்த பிறகுதான் கருவி வாங்குவதைப் பற்றிப் பேச வேண்டும்.

சிக்னல் தெரியவில்லை என்றால் யாரும் பயன்படுத்தவில்லை என்று பொருளில்லை. இது எல்லோருக்கும் தெரியும், அறிக்கை எழுதும்போது எல்லோரும் மறந்துவிடுவார்கள். ஜிபிஎஸ் சிக்னல் 1575.42 மெகாஹெர்ட்ஸில் தரைக்கு வரும்போது அதன் வலிமை மைனஸ் 128.5 டிபிஎம் அளவில்தான் இருக்கும். 2 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கான வெப்ப இரைச்சல் மைனஸ் 111 டிபிஎம். சிக்னல் இரைச்சலுக்கு 17 டெசிபல் கீழே கிடக்கிறது. சாதாரண அளவீட்டில் அந்தப் பட்டை "முழுக்கக் காலி". அதேபோல் 1400 முதல் 1427 மெகாஹெர்ட்ஸ் வரை உலகெங்கும் எந்த ஒலிபரப்புக்கும் அனுமதி இல்லை. ஹைட்ரஜன் கோடு 1420.4 மெகாஹெர்ட்ஸில் இருப்பதால் ரேடியோ வானியலாளர்களுக்கு அங்கே அமைதி தேவை. அங்கே ஒன்றும் கேட்காமல் இருப்பதுதான் அந்தப் பட்டையின் பயன்பாடு. இந்த இரண்டையும் "பயன்படாத பட்டை" என்று வண்ணப்படத்தில் போட்டு வெளியிட்டால், ஒழுங்குமுறை அமைப்பில் உள்ளவர்கள் அடுத்த பக்கத்தைத் திருப்ப மாட்டார்கள்.

ஆகவே முதல் கூட்டத்திலேயே மின்னணுவியல் துறையினரோடு புள்ளியியல் தெரிந்த ஒருவர், சட்டம் அல்லது பொருளாதாரத் துறையிலிருந்து ஒருவர், அலைக்கற்றைக் கண்காணிப்பு நிலையத்தில் வேலை பார்க்கும் பொறியாளர் ஒருவர் இருக்க வேண்டும். அருகில் ரேடியோ தொலைநோக்கி இருந்தால் அவர்களையும் அழையுங்கள். பலவீனமான சிக்னலை அளப்பதில் அவர்களுக்கு உள்ள பழக்கம் வேறு யாருக்கும் இல்லை.

ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை

தரவு யாருடையது, யார் எப்போது வெளியிடலாம் என்பது வழக்கமான பகுதி. விட்டுப்போவது வேறு மூன்று. முதலாவது, ஐ-க்யூ மூலத் தரவு, அதாவது ரிசீவர் எடுத்த சாம்பிள்கள் அப்படியே. சேமித்த ஐ-க்யூ கோப்பிலிருந்து பிறரின் உரையாடலைப் பிரித்தெடுக்க முடியும், பல நாடுகளில் அது சட்டப்படி குற்றம். எனவே மூலத் தரவை எத்தனை நாள் வைத்திருப்பது, யார் திறக்கலாம், எந்தப் பட்டையில் அறவே சேமிக்கக் கூடாது என்பதை முதல் நாளே முடிவு செய்யுங்கள். இரண்டாவது, ஒலிபரப்பு. காலிபரேஷனுக்காக (தெரிந்த அளவோடு ஒப்பிட்டுக் கருவியைத் திருத்துவதற்காக) ஆன்டெனா வழியே சில மில்லிவாட் விட்டாலும் அதற்குப் பரிசோதனை உரிமம் தேவைப்படலாம். கேபிள் வழியாக மட்டும் செலுத்தினால் இந்தத் தலைவலி இல்லை. மூன்றாவது, வெளியிடுவதற்கு முன் கண்காணிப்பு அமைப்புக்குக் குறிப்பிட்ட நாட்கள், 30 நாள் போதும், பார்வைக்குக் கொடுப்பது. ராணுவ ரேடார் எந்தத் திசையில் எந்த நேரத்தில் இயங்குகிறது என்பது உங்கள் வரைபடத்தில் தற்செயலாக வெளிப்பட்டுவிடக்கூடும்.

நிலையத்தின் அமைப்பு

எல்லாக் கல்லூரியும் ஒரே கருவி வாங்க வேண்டியதில்லை. சங்கிலி மட்டும் ஒரே வரிசையில் இருக்க வேண்டும்: ஆன்டெனா, ஃபில்டர், குறை-இரைச்சல் ஆம்ப்ளிஃபையர், கேபிள், ரிசீவர், கணினி. பரந்த பட்டைக்கு டிஸ்கோன் ஆன்டெனா போதும். மலிவான ஆர்டிஎல் எஸ்டிஆர் (மென்பொருள் வழி இயங்கும் ரேடியோ) 8 பிட் ரிசீவர், நொடிக்கு 2.4 மில்லியன் சாம்பிள் வரை நம்பலாம். யுஎஸ்ஆர்பி பி200 போன்றவை 12 பிட், 70 மெகாஹெர்ட்ஸ் முதல் 6 கிகாஹெர்ட்ஸ் வரை. அகலமான அல்லது நெரிசலான பட்டையில் 8 பிட் ரிசீவர் தாங்காது.

ஆம்ப்ளிஃபையரை எங்கே வைப்பது என்பதுதான் பல நிலையங்களைக் கெடுக்கிறது. மாடியிலிருந்து அறைக்கு 15 மீட்டர் ஆர்ஜி-58 கேபிள் இழுத்தால் 900 மெகாஹெர்ட்ஸில் சுமார் 9 டெசிபல் இழப்பு. அதே நீளத்துக்கு எல்எம்ஆர்-400 போட்டால் சுமார் 2 டெசிபல். 9 டெசிபல் கேபிளையே வைத்துக்கொள்ளுங்கள். ஆம்ப்ளிஃபையரின் கெயின் (பெருக்கம்) 20 டெசிபல், நாய்ஸ் ஃபிகர் (கருவி தானே சேர்க்கும் இரைச்சலின் அளவு) 1 டெசிபல், ரிசீவரின் நாய்ஸ் ஃபிகர் 8 டெசிபல் என்றால், ஆம்ப்ளிஃபையரைக் கீழே ரிசீவர் பக்கத்தில் வைக்கும்போது மொத்த நாய்ஸ் ஃபிகர் சுமார் 10.2 டெசிபல். அதையே மேலே ஆன்டெனாவை ஒட்டி வைத்தால் 2.4 டெசிபல். ஒரு பைசா கூடச் செலவில்லாமல் எட்டு டெசிபல் கிடைக்கிறது.

மேலே வைத்த ஆம்ப்ளிஃபையர் பக்கத்து எஃப்எம் நிலையத்தையும் சேர்த்துப் பெருக்கும். 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை தடுக்கும் ஃபில்டரை ஆம்ப்ளிஃபையருக்கு முன்னால் போடுங்கள், பின்னால் அல்ல. திரையில் தெரிவது உண்மையான சிக்னலா, வலுவான சிக்னல்களைக் கலந்து ரிசீவர் தானே உண்டாக்கிய கலப்பா என்ற சந்தேகம் வந்தால் ஆன்டெனாவை அடுத்து சிக்னலை 3 டெசிபல் குறைக்கும் அட்டனுவேட்டரைச் செருகுங்கள். உண்மையான சிக்னல் 3 டெசிபல் இறங்கும். மூன்றாம் வரிசைக் கலப்பு 9 டெசிபல் இறங்கும். இரண்டு நிமிடச் சோதனை, ஆனால் செய்பவர்கள் குறைவு.

தானியங்கி கெயினை அணைத்துவிடுங்கள். அது இயங்கினால் டிபிஎம் என்ற சொல்லுக்கே பொருள் போய்விடும். கெயினை ஒரு எண்ணில் நிறுத்தி, அந்த எண்ணைத் தரவோடு எழுதி வையுங்கள்.

அலைவெண் துல்லியமும் கடிகாரமும்: 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு) பிழையுள்ள படிகம் 1 கிகாஹெர்ட்ஸில் 50 கிலோஹெர்ட்ஸ் விலகும், அதாவது நான்கு சேனல். 1 பிபிஎம் டிசிஎக்ஸ்ஓ (வெப்பநிலை மாற்றத்தை ஈடுசெய்யும் படிகம்) என்றால் 1 கிலோஹெர்ட்ஸ்தான். நேரம் எப்போதும் யுடிசியில் (உலகப் பொது நேரத்தில்). உள்ளூர் நேரத்தில் எழுதும் ஒரு நிலையம் போதும், எல்லோருடைய மணிநேர வரைபடமும் குழம்புவதற்கு.

சுற்றி வரும் பெட்டி

கூட்டு வேலையின் மையம் இதுதான். காலிபரேஷன் செய்த சிக்னல் ஜெனரேட்டர், ஈஎன்ஆர் மதிப்பு (வெப்ப இரைச்சலைவிட எவ்வளவு அதிகம் என்ற அளவு) தெரிந்த இரைச்சல் மூலம், 10 மற்றும் 20 டெசிபல் அட்டனுவேட்டர்கள், ஆன்டெனாவுக்குப் பதிலாகப் போடும் 50 ஓம் டெர்மினேட்டர், குறிப்பிட்ட இரண்டு கேபிள்கள் ஆகியவற்றை ஒரு பெட்டியில் போட்டு ஒவ்வொரு கல்லூரிக்கும் அனுப்புங்கள். கேபிள்களில் பெயரொட்டி, முறுக்கும் விசைக்கு டார்க் ஸ்பேனர். பெட்டி கிளம்பிய இடத்துக்கே கடைசியில் திரும்பி, முதல் நாள் எடுத்த அளவை மறுபடி எடுக்க வேண்டும். இரண்டும் அரை டெசிபலுக்குள் ஒத்துவந்தால்தான் பயணத்தில் பெட்டி மாறவில்லை என்று சொல்ல முடியும்.

ஒவ்வொரு இடத்திலும் செய்ய வேண்டியது:

1. ரிசீவரை இயக்கி 30 நிமிடம் சூடாக விடவும்.

2. ஆன்டெனாவைக் கழற்றி, அது இணையும் கனெக்டரிலேயே ஜெனரேட்டரை இணைக்கவும். ரிசீவரின் வாயிலில் இணைத்தால் ஃபில்டரும் கேபிளும் கணக்கில் வராது.

3. மைனஸ் 60 டிபிஎம் தொனியை 50 மெகாஹெர்ட்ஸுக்கு ஒரு முறை செலுத்தி, ரிசீவர் காட்டும் மதிப்புக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைக் குறிக்கவும். பட்டியலாகச் சேமிக்கவும். ஒரே எண்ணாகச் சராசரி எடுக்க வேண்டாம்.

4. பட்டையின் நடுவில் மைனஸ் 110 முதல் மைனஸ் 40 வரை 10 டெசிபல் படிகளில் ஏற்றவும். படிக்கு 10 டெசிபல் ஏறாமல் நிற்கும் இடம் ரிசீவர் அதற்கு மேல் தாங்காமல் அடைபடும் இடம்.

5. டெர்மினேட்டரைப் போட்டு 10 நிமிடம் இரைச்சலை எடுக்கவும். பிறகு இரைச்சல் மூலத்தை இயக்கியும் அணைத்தும் எடுக்கவும். ஈஎன்ஆர் 15 டெசிபல், இயக்கியபோதும் அணைத்தபோதும் உள்ள விகிதம் 6 டெசிபல் என்றால் நாய்ஸ் ஃபிகர் 15 கழித்தல் 4.7 (6 டெசிபல் நான்கு மடங்கு, அதில் ஒன்றைக் கழித்தால் மூன்று, அது டெசிபலில் 4.7), அதாவது 10.3 டெசிபல்.

ஐந்தாவதில் கிடைத்த எண் கணக்கிட்ட எண்ணைவிட 3 டெசிபலுக்கு மேல் மோசமாக இருந்தால் முதலில் கனெக்டர்களைப் பாருங்கள். மழைநீர் இறங்கிய கனெக்டர் வெளியில் பளபளப்பாகத்தான் இருக்கும். கழற்றினால் நடுமுள் பச்சை பூத்திருக்கும்.

பெட்டி போன பிறகும் நிலையம் தன்னைத்தானே சோதிக்க வேண்டும். ஆம்ப்ளிஃபையருக்கு முன் ஒரு ஆர்எஃப் சுவிட்ச் வைத்து, மணிக்கு ஒரு நிமிடம் டெர்மினேட்டருக்கு மாற்றி இரைச்சல் மட்டத்தைப் பதியுங்கள். அது 1 டெசிபலுக்கு மேல் நகர்ந்த மணிநேரத்துக்குத் தரவில் கொடி போடுங்கள். அழிக்க வேண்டாம்.

இனி அந்தப் புதிர்

நொடிக்கு 2.4 மில்லியன் சாம்பிள், 1024 புள்ளி எஃப்எஃப்டி (சாம்பிள்களை அலைவெண் வாரியான கட்டங்களாகப் பிரிக்கும் கணக்கு). ஒரு கட்டத்தின் அகலம் 2.34 கிலோஹெர்ட்ஸ், 12.5 கிலோஹெர்ட்ஸ் சேனலில் ஐந்து கட்டங்கள். சராசரி எடுக்காத ஒற்றை எஃப்எஃப்டியில் வெறும் இரைச்சலின் திறன் அடுக்குக்குறிப் பரவலில் விழும். சராசரியைவிட 3 டெசிபல், அதாவது இரண்டு மடங்கு, மேலே போகும் வாய்ப்பு e (2.718) என்ற எண்ணின் மைனஸ் இரண்டாம் அடுக்கு, 13.5 சதவீதம். முதல் கல்லூரி நடுக் கட்டத்தை மட்டும் பார்த்தது. இரண்டாவது கல்லூரி ஐந்தில் ஏதாவது ஒன்று தாண்டினாலும் சேனல் பயன்பாட்டில் உள்ளதாக எடுத்துக்கொண்டது. கட்டங்கள் தனித்தனியானவை என்று கொண்டால் 1 கழித்தல் 0.865 இன் ஐந்தாம் அடுக்கு, 52 சதவீதம். இரண்டு குழுக்களும் "இரைச்சலுக்கு 3 டெசிபல் மேல்" என்றே அறிக்கையில் எழுதியிருப்பார்கள்.

தீர்வு சராசரிதான். ஆனால் அதிகமானால் வேறு பக்கம் கெடும். ஒரு நொடிக்குச் சராசரி எடுத்தால் இரைச்சல் ஆடாமல் நிற்கும். அந்த நொடிக்குள் 2 மில்லிவினாடி மட்டும் வந்த, இரைச்சலுக்கு 20 டெசிபல் மேலான துடிப்பு சராசரியை 0.8 டெசிபல்தான் உயர்த்தும். வரம்பைத் தொடவே தொடாது. 10 மில்லிவினாடிக்குச் சராசரி எடுத்தால் 23 எஃப்எஃப்டி கிடைக்கும், இரைச்சலின் ஆட்டம் சுமார் 20 சதவீதம். அதே துடிப்பு இப்போது 13 டெசிபல் உயரத்தில் நிற்கும். 5 டெசிபல் வரம்பு வைத்தால் இரைச்சலும் ஏமாற்றாது, துடிப்பும் தப்பாது. 2 மில்லிவினாடித் துடிப்பு 10 மில்லிவினாடியாகக் கணக்கில் ஏறும் என்பதை மட்டும் அறிக்கையில் சொல்லிவிடுங்கள்.

சராசரியை நேர்த் திறனில் (மில்லிவாட்டில்) எடுக்க வேண்டும், டெசிபலில் அல்ல. டெசிபலில் எடுத்தால் இரைச்சல் 2.5 டெசிபல் குறைவாகக் காட்டும். எஃப்எஃப்டிக்கு முன் சாம்பிள் தொகுதியின் ஓரங்களைத் தணிக்கும் ஹான் விண்டோ போட்டால் இரைச்சல் அகலம் 1.5 மடங்கு, அதைத் திருத்தாவிட்டால் 1.76 டெசிபல் பிழை. இந்த இரண்டும் ஒரு கல்லூரியில் மட்டும் நடந்தால் வரும் வேறுபாட்டைக் காற்றிலும் கட்டடத்திலும் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

அதனால் தரவு சேர்க்கும் முன் ஒரு சோதனைக் கோப்பு தயாரியுங்கள். கணினியில் உண்டாக்கிய இரைச்சல், அதில் தெரிந்த நேரத்தில் தெரிந்த வலிமையில் துடிப்புகள். விடையை ஒருவர் மட்டும் வைத்திருக்க, மற்றவர்கள் தங்கள் நிரலில் ஓட்டி எண்ணை அனுப்பட்டும். இரைச்சல் மட்டம் 0.1 டெசிபலுக்குள்ளும் பயன்பாட்டு விகிதம் ஒரு சதவீதப் புள்ளிக்குள்ளும் வராத குழு அளவீட்டைத் தொடங்கக் கூடாது. இது மிகக் கடுமையாகத் தோன்றலாம். பிறகு ஆறு மாதத் தரவை மீண்டும் கணக்கிடுவதைவிட இது எளிது.

வரம்பில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. "இரைச்சலுக்கு 5 டெசிபல் மேல்" என்பது நிலையத்துக்கு நிலையம் வேறு அளவு. 12.5 கிலோஹெர்ட்ஸுக்கு வெப்ப இரைச்சல் மைனஸ் 133 டிபிஎம். நாய்ஸ் ஃபிகர் 2.4 உள்ள நிலையத்தின் வரம்பு மைனஸ் 125.6இல் நிற்கும், 10 உள்ளதன் வரம்பு மைனஸ் 118இல். நல்ல ரிசீவர் உள்ள கல்லூரியில்தான் பட்டை நெரிசலாகத் தெரியும். ஒப்பிட வேண்டுமானால் மிக மோசமான நிலையம் நம்பிக்கையோடு எட்டக்கூடிய ஒரு மட்டத்தை எல்லோருக்கும் பொதுவாக வையுங்கள். அதையும் ஆன்டெனா முனையில் டிபிஎம்மாக விடாமல் புலவலிமையாக மாற்றுங்கள். 450 மெகாஹெர்ட்ஸில் 2 டிபிஐ கெயின் உள்ள ஆன்டெனாவுக்கு ஆன்டெனா காரணி (முனையில் வரும் வோல்ட்டேஜைப் புலவலிமையாக மாற்றக் கூட்டும் எண்) 21.3 டெசிபல். 50 ஓமில் டிபிஎம்மோடு 107ஐக் கூட்டினால் டிபி மைக்ரோவோல்ட். ஆகவே ஆன்டெனா முனையில் மைனஸ் 115 டிபிஎம் என்பது மீட்டருக்குச் சுமார் 13 டிபி மைக்ரோவோல்ட். இந்த எண்ணை எந்த ஆன்டெனா வைத்திருப்பவரும் சரிபார்க்கலாம்.

தரவும் அதன் குறிப்பும்

2.4 மில்லியன் சாம்பிளை 8 பிட் ஐ-க்யூவாக முழுதும் சேமித்தால் ஒரு நாளைக்கு சுமார் 415 ஜிகாபைட். ஒரு வாரத்தில் வட்டு நிறைந்து, எல்லோரும் விடுமுறையில் இருக்கும்போது நிலையம் நின்றுவிடும். நொடிக்கு ஒரு சராசரி நிறமாலை, ஒரு உச்ச நிறமாலை, வரம்பு தாண்டிய எண்ணிக்கை என மூன்றை மட்டும் வைத்தால் நாளுக்கு ஏறத்தாழ 1 ஜிகாபைட். ஐ-க்யூவைக் கொடி விழும் நேரத்தில் சில நொடிகள் மட்டும் எடுங்கள்.

கோப்பு வடிவத்துக்கு, ரேடியோ பதிவுகளுக்கான திறந்த வடிவமான சிக்எம்எஃப் நல்லது. தரவுக் கோப்பு ஒன்று, பக்கத்தில் ஜேசான் குறிப்புக் கோப்பு ஒன்று. தரவு வகை, சாம்பிள் வீதம், மைய அலைவெண், நேரம் ஆகியவற்றுக்கு அதிலேயே இடம் இருக்கிறது. ஆன்டெனா வகையும் உயரமும், கெயின் எண், காலிபரேஷன் தேதி, நிரலின் பதிப்பு ஆகியவற்றை நீங்கள் சேர்க்க வேண்டும். காலிபரேஷன் திருத்தத்தைத் தரவிலேயே போட்டாயிற்றா, இனிமேல் போட வேண்டுமா என்று ஒரு புலம் கட்டாயம். அது இல்லாததால் ஒரே திருத்தம் இரண்டு முறை ஏறுவதுதான் கூட்டுத் தரவில் அடிக்கடி வரும் பிழை.

நிறமாலையின் நடு 80 சதவீதத்தை மட்டும் பயன்படுத்துங்கள், ஓரங்களில் ரிசீவரின் ஃபில்டர் சரிகிறது. நடுவில் ரிசீவரே உண்டாக்கி நிற்கும் டிசி முள்ளை (கூர்முனையை) யாரோ ஒருவரின் ஒலிபரப்பாக எண்ணிவிட வேண்டாம், மைய அலைவெண்ணைச் சற்று நகர்த்தினால் அதுவும் கூடவே நகரும். ஆர்டிஎல் ரிசீவரில் 28.8 மெகாஹெர்ட்ஸின் மடங்குகளிலும் போலி முட்கள் தெரியும். அது அதன் படிகத்தின் அலைவெண்.

ஒழுங்குமுறை அமைப்பிடம் கொண்டுபோவது

வண்ணப்படத்தைக் கடைசியில் வையுங்கள். முதல் பக்கத்தில் காலிபரேஷன் அட்டவணையும், வரம்பும், எந்த மணிநேரங்கள் விலக்கப்பட்டன என்பதும் இருக்கட்டும். நாள் சராசரி யாருக்கும் உதவாது, நெரிசலான மணிநேரத்தின் மதிப்பைக் கொடுங்கள். மாடியில் இருக்கும் ஆன்டெனா தொலைவிலுள்ள உயர்ந்த ரிப்பீட்டரைக் கேட்கும், தெருவில் கட்டட நிழலில் இருக்கும் கைக்கருவியைக் கேட்காது. ஆகையால் ஐந்து நிலையங்களை வைத்து நகர முழுவதற்கும் வரைபடம் தீட்டுவதைவிட, ஐந்து இடங்களுக்கான ஐந்து விடைகள் என்று எழுதுவது நேர்மை.

பன்னாட்டு அளவில் கொண்டுபோக விரும்பினால் முறையை ஐடியுவின் (பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின்) ரேடியோ பிரிவு வெளியிட்ட எஸ்எம்.1880 பரிந்துரையோடும் எஸ்எம்.2256 அறிக்கையோடும் ஒப்பிட்டு எழுதுங்கள். இரண்டும் பயன்பாட்டு அளவீட்டைப் பற்றியவை. 2011 முதல் கல்வி நிறுவனங்களும் ஐடியுவில் சேரலாம். அலைக்கற்றை மேலாண்மை முதல் ஆய்வுக் குழுவிலும், கண்காணிப்பு அதன் 1சி பணிக்குழுவிலும் வரும். அலை பரவல் அளவீடுகள் மூன்றாம் ஆய்வுக் குழுவுக்குப் போகும். அங்கே நன்கு அளந்த தரவுக்கு எப்போதும் தேவை இருக்கிறது. உலக ரேடியோ மாநாடு மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறைதான். 2023இல் துபாயில் நடந்தது, அடுத்தது 2027இல். மாநாட்டு ஆண்டில் கொண்டுவரும் தரவு தாமதமானது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பே உங்கள் நாட்டு நிர்வாகத்தின் மேசையில் இருந்தால்தான் ஆய்வு அறிக்கைக்குள் நுழையும்.

நிலையத்தைப் பராமரிக்கும் மாணவர் பட்டம் பெற்றுப் போகும் நாளையும் திட்டத்திலேயே எழுதிவிடுங்கள். கணினியின் கடவுச்சொல், மாடிச் சாவி யாரிடம் என்பது, கேபிள்களின் வரிசை எண், கடைசியாகப் பெட்டி வந்த தேதி ஆகியவற்றை அச்சிட்டு ரிசீவர் பெட்டியின் மூடிக்குள்ளேயே ஒட்டுங்கள். புதிதாக வருபவர் முதல் வேலையாக டெர்மினேட்டரைப் போட்டு 10 நிமிடம் அளந்து, ஒட்டியிருக்கும் எண்ணோடு ஒப்பிடட்டும்.